இணையத்தளம் அமைத்த கம்பனிகளும் பங்குதாரரும்

1995ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஒரு புதுத் தொழில் தலையெடுத்தது. வணிக நிறுவனங்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்து ஊதியம் பெறுவதே அது. அவ்வாண்டு நியூ யோர்க்கில் தோன்றிய ரேசர்பிஷ் என்னும் கம்பனி, 1999இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது.

பங்கு வாங்கியோர் பெற்றது யாது? ஆலையுமன்று, நிலமுமன்று, இளைஞர் பலரின் திறமை. அது மாலையில் வீடு செல்லும். கூடிய சம்பளம் தருவார் பக்கம் சாயும். இக்குறை யாவரும் அறிந்ததே. மறைந்திருந்த குறை வேறு. இத்தகைய கம்பனிகளின் வாடிக்கையாளருட் பலர், இலாபமே காணாத புதிய இணைய வணிகர். அவர்கள் கொடுத்த கூலியும் முதலீட்டாளரிடம் திரட்டிய பணமே. ஆகவே, கணக்கேட்டில் வருமானமென ஏறியதில் ஒரு பகுதி பிறர் இட்ட முதலாகும். பழைய பெருநிறுவனங்களோவெனில், பின்தங்கிவிடுவோமென அஞ்சிச் செலவிட்டன. அச்சம் தணிந்ததும் கையை இறுக்கின.

2000 மார்ச் 10இல் நாஸ்டாக் சுட்டெண் 5,048 வரை ஏறி, பின் சரியத் தொடங்கியது. புதிய முதல் வரவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவராக மறைந்தனர். அதே மார்ச்சில் இரு பெருங் கம்பனிகள் இணைந்து உருவான மார்ச்பெர்ஸ்ட், 2001 ஏப்ரலில் வங்குரோத்து மனுச் செய்தது. ரேசர்பிஷ் 2002இன் இறுதியில் வேறொரு கம்பனிக்கு விலைபோக இணங்கிற்று. இணையத்தளம் அமைக்கும் வேலை மாத்திரம் நிற்கவில்லை.