ஆபரேஷன் முடிந்தது, பேச்சு எங்கே?

2011 பிப்ரவரியில், லண்டனில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது எமிலியா கிளார்க்குக்கு மூளையில் ரத்தக்குழாய்ப் புடைப்பு ஒன்று வெடித்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பருவத்தில் நடித்து முடித்திருந்த அவருக்கு வயது 24. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி, மண்டையோட்டைத் திறக்காமலேயே வெடிப்பை அடைத்தார்கள். உயிர் பிழைத்தார். சுமார் இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, வழக்கமான சோதனைக்காக நர்ஸ் அவருடைய பெயரைக் கேட்டார். பெயர் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தவையோ பொருளற்ற சொற்கள். வசனம் பேசுவதே தொழிலான அவர் அந்த நாட்களில் தன்னைச் சாகவிடும்படி மருத்துவர்களைக் கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் பேச்சு திரும்பியது. 2019-ல் அவரே ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய பிறகுதான் இதெல்லாம் வெளியே தெரிந்தது.

இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். நாக்கும் தொண்டையும் நன்றாக இருக்கும். சொல்லைத் தேடி எடுக்கும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிகள்தான் தடுமாறும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு அந்தப் பகுதிகள் மூளையின் இடப்பக்கம் உள்ளன. இடப்பக்க நெற்றி, பொட்டுப் பகுதிகளில் கட்டி, ரத்தக்கசிவு, வலிப்பு ஆகியவற்றுக்காகச் செய்யப்படும் அறுவையில் பேச்சுக்கு ஆபத்து கூடுதல் என்பது அதனால்தான். குழந்தைகள் விஷயம் வேறு. சிறுமூளைக் கட்டியை எடுத்தபின் ஓரிரு நாளில் குழந்தை அடியோடு பேசாமல் போவதுண்டு. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வகைக் கட்டிக்கான அறுவைக்குப் பின் நான்கில் ஒரு குழந்தைக்கு வரை இப்படி நேரலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பெற்றோர் பதறிப்போவார்கள்.

சொல்லி வைப்பது மருத்துவரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமல்ல. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அறிந்த பின் தரும் சம்மதமே சம்மதம். அறுவை அரங்கின் வாசலில், அச்சடித்த ஆங்கிலப் படிவத்தில் அவசரமாகப் போடும் கையெழுத்து அந்த அறிதலுக்கு ஈடாகாது. “பேச்சுக்குப் பொறுப்பான இடத்துக்கு எவ்வளவு பக்கம்? பேச்சு போக வாய்ப்பு எவ்வளவு? போனால் எவ்வளவு நாளில் வரும்?” என்று குடும்பத்தார் நேராகக் கேட்க வேண்டும், அதுவும் நோயாளியை வைத்துக்கொண்டே. அறுவைக்கு முன் ஒரு பேச்சுப் பரிசோதனை செய்து பதிவு செய்யச் சொல்வதும் அவசியம். முன்பு எப்படிப் பேசினார் என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னால் எதை வைத்து இழப்பை அளப்பது?

நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்யும் முறை இருக்கிறதா என்றும் கேட்கலாம். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது; தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டுத் தொட்டு, நோயாளியின் பேச்சு தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டார். இன்றும் அடிப்படை அதுதான்: படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள், தடுமாறினால் அந்த இடத்தில் கத்தி படாது. நம் ஊருக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. இரு மொழி பேசுவோரின் மூளையில் இரண்டுக்கும் உரிய இடங்கள் முழுமையாக ஒன்றிப்போவதில்லை என்று 1978-லேயே ஆய்வாளர்கள் ஓஜமனும் விட்டேக்கரும் காட்டினார்கள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஆபீஸில் ஆங்கிலம் என்று வாழ்பவரை ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பது போதாது. எந்தெந்த மொழி வேண்டும் என்று நோயாளியே சொல்ல வேண்டும்.

அறுவை முடிந்த முதல் சில நாளில் மூளை வீக்கத்தால் பேச்சு மங்கி, வீக்கம் வடிந்ததும் தெளிவது சகஜம். ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழறினால் காத்திருக்கக் கூடாது. புதிய ரத்தக்கசிவு, ரத்தக்குழாய்ச் சுருக்கம், வலிப்பு, தொற்று எதுவாகவும் இருக்கலாம். “களைப்பாக இருக்கும், தூங்கட்டும்” என்று விடுவது பேராபத்து. அந்த நிமிடமே டியூட்டி டாக்டரை அழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் என்றால் 108.

வீக்கம் வடிந்தும் பேச்சு வரவில்லையென்றால் வேண்டியது பேச்சுப் பயிற்சி. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியல் இருக்கும்; பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். அதையும் எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும். பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்சிக்குக் காலக்கெடு வைப்பது தவறு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபோர்ட்ஸின் இடப்பக்க மூளையை 2011 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. வீக்கம் அழுத்தாதிருக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்து, மாதங்கள் கழித்துப் பொருத்தினார்கள். பேச முடியாத நாட்களில் அவரால் பாட முடிந்தது. இசைப் பயிற்சியின் துணையோடு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு ஆண்டு கழித்து செனட் குழுவின் முன் சில வாக்கியங்கள் பேசினார். இங்கேயும் ‘தண்ணீர்’ என்று கேட்க முடியாத பெரியவர் திருப்புகழ் பாடுவார், ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார். “பாட வருகிறது, பேச வராதா? நடிக்கிறார்” என்று வீட்டில் முணுமுணுப்பது கொடுமை. மனப்பாடமாக ஓடுவதற்கும் புதிதாகச் சொல் தேடுவதற்கும் மூளை ஒரே வழியைப் பயன்படுத்துவதில்லை.

அதைவிடப் பெரிய அநீதி, பேச முடியாதவரை முடிவெடுக்கவும் முடியாதவராக்கிவிடுவது. நில விற்பனையும் கணக்கு மாற்றமும் அவர் தலைக்கு மேலேயே நடந்துவிடுகின்றன. அஃபேசியா மனநோயல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவருடைய சட்டத் தகுதியை மற்றவர்களுக்குச் சமமாக வைக்கிறது. கையெழுத்துப் போட முடியாவிட்டால், வங்கி அதிகாரி உட்பட இரு சாட்சிகள் முன் கைரேகை வைத்துப் பணம் எடுக்கவும் வழி உண்டு.

பேச்சுக் குறை நிரந்தரமாகிவிட்டால் அதே சட்டத்தின் அட்டவணையில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ என்ற பிரிவில் அஃபேசியா பெயர் சொல்லியே இருக்கிறது. இணையத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். பணிக்காலத்தில் குறை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ 20-ஆம் பிரிவு இடம் தரவில்லை. அந்த வேலை முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் நிறுவன ஊழியருக்கு இந்தக் காப்பு இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

பேச்சு போனதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்றாகிவிடாது. ஆபத்தைச் சொன்னாரா, முறையான கவனத்தோடு செய்தாரா என்பதே கேள்வி. சந்தேகம் இருந்தால் முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அந்த ஆணைய வழி பொருந்தாது. வக்கீல் செலவுக்குத் தயங்குவோருக்கு ஒரு செய்தி: மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.