மாதோட்டமும் மன்னாரும்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மூத்தோர் பலர், உயர்கல்வி நாடித் தமிழகம் சென்ற காலத்தில் மன்னாரைக் கடந்தே சென்றனர். மதவாச்சியில் மேற்கே திரும்பும் புகையிரதம், காட்டையும் கடற்கழியையும் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறையிற் சென்று நிற்கும். ஆங்குக் கப்பலேறித் தனுக்கோடியிற் கரையிறங்குவர். இவ்வாறு மன்னாரை வழியாக அறிந்தோர் பலர். ஊராக அறிந்தோர் சிலரே. அவ்வூரின் இயல்பையும் வரலாற்றையும் மக்களையும் இளையோர்க்கும் மூத்தோர்க்கும் ஒருங்கே எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

மன்னார் மாவட்டம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. இயற்கை இதனைத் தீவு என்றும் பெருநிலம் என்றும் இரு கூறாக வகுத்துள்ளது.

தீவு, தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மணற்றரை. பனையும் உடைமரமும் அங்கு மிகுதி. கழுதைகள் தெருவிலே தன்போக்கில் திரியும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேற்பட்டது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த கருத்து. தீவில் ஆறில்லை. மாரியிற் பெய்யும் மழை மணலினூடே இறங்கி, உவர்நீரின் மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்கும். கிணறுகள் தருவது அந்நீரையே. அளவிறந்து இறைப்பின் அடியிலுள்ள உவர் மேலெழும். எனவே தீவினர்க்கு மணல் வெறும் மண்ணன்று. அவர்தம் நீர்க்களஞ்சியம் அது.

பெருநிலத்தின் உயிர்நாடி அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இவ்வாறு, அநுராதபுரத்தைக் கடந்து வந்து அரிப்புக்கு அருகே கடலைச் சேர்கின்றது. தேக்கம் என்னும் இடத்தில் இதனைக் கல்லணையால் மறித்து, வாய்க்கால் வழியே கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொண்டுசென்றனர் முன்னோர். இக்குளத்தை 5 ஆம் நூற்றாண்டினனாகிய தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்துவர். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அதனை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் திருத்தினர். நானாட்டான், முருங்கன் வயல்கள் இன்றும் அந்நீரால் விளைகின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய நாளில் அதற்குக் களிமண் அளித்த ஊரும் முருங்கனே.

துறையும் தளியும்

அநுராதபுரம் தலைநகராய் விளங்கிய காலத்தில் அதன் பெருந்துறை மாதோட்டம். 1980 முதல் 1984 வரை மாந்தையில் நிகழ்ந்த அகழ்வாய்வில் சீன நாட்டு மட்கலங்களும் பாரசீகக் கலங்களும் வெளிப்பட்டன. கீழ்க்கடற் சரக்கும் மேல்கடற் சரக்கும் கைமாறிய சந்தை அது என்பதற்கு அவையே சான்று. பாலாவிக் கரையில் எழுந்தருளிய திருக்கேதீச்சரப் பெருமானைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடினர். சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் என்றும் வழங்கிற்று எனக் கல்வெட்டால் அறிகின்றோம்.

அத்தளியை 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தனர். காடு மூடிய அவ்விடத்தை 1872 இல் ஆறுமுக நாவலர் அவர்கள் சைவமக்களுக்கு நினைவூட்டினார்கள். நாவலர் மறைந்த பின்னரே நிலம் வாங்கப்பட்டுச் சிறு கோயில் எழுந்தது. 1948 இல் தோன்றிய திருப்பணிச் சபையின் உழைப்பால் 1976 இல் பெருங் குடமுழுக்கு நிறைவேறிற்று.

கோட்டையும் முத்தும்

1544 இல் மன்னாரிற் புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய மக்கள் பலரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொல்வித்தான். 1560 இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அதனைப் பெற்றனர். மூவரும் விரும்பியது முத்து.

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். அவற்றிலே சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும் குளிப்பு நிகழும். எடுத்த சிப்பியில் மூன்றிலிரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. மறு ஆண்டே பார்கள் ஓர் ஆங்கிலக் குழுமத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 இன் பின்னர் நெடுநாள் குளிப்பே இல்லை. ஆள்பதி நோர்த் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையும் கடலரிப்பால் இடிந்து சிதைந்துள்ளது.

வழிநடந்தோர்

முத்தினும் பெரிய செல்வமொன்று இக்கரையைக் கடந்து சென்றது. 19 ஆம் நூற்றாண்டிற் கண்டிச்சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்த தமிழகத்து மக்கள், தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் ஆயிரமாயிரம். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தத்தின்படி, மலைநாட்டை உருவாக்கியோரின் வழித்தோன்றல்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்கள் கண்ணீரோடு கப்பலேறியதும் இத்தலைமன்னாரிலேயே.

மக்கள்

2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழப் பாதிப்பேர் கத்தோலிக்கர். இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்து நிற்பர். பேசாலை, வங்காலை, பள்ளிமுனை ஆகியன மீனுக்கும் கருவாட்டுக்கும் பேர்போனவை. எருக்கலம்பிட்டியும் முசலியும் முஸ்லிம்களின் பழைய ஊர்கள். மாதோட்டத்துப் புலவர் நாட்டுக்கூத்தை வடபாங்கு, தென்பாங்கு என இருவகையாக வளர்த்தனர். மாந்தையிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் கொண்டுசெல்லப்பட்ட மாதாவின் திருவுருவம் மடுவில் உள்ளது. அங்கே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடுவர்.

போர் இவ்வாழ்வைக் குலைத்தது. 1990 இல் தீவுப் பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதம் நின்றது. தமிழர் பல்லாயிரவர் சிறு படகுகளில் இராமேசுவரம் நோக்கி ஓடினர், மடுக்கோயில் அகதிமுகாமாயிற்று, திருக்கேதீச்சரத்தில் வழிபாடு பல்லாண்டு தடைப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாக அயலிலே வாழ்ந்தவர் புத்தளத்துக் குடில்களில் இருபதாண்டு கழித்தனர். நம் சமுதாயம் மறைக்காது சொல்லவேண்டிய செய்தி இது. 2009 இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர்; காடு மண்டிய காணியும் அழிந்த எல்லையுமே அவர்களை எதிர்கொண்டன.

2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. 2020 இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மேலும் காற்றாலைகள் அமைக்கவும் மணலிலுள்ள கனியங்களை அகழவும் முயற்சிகள் எழுந்தபோது, ஊரவர் எதிர்த்து வீதியில் இறங்கினர். மின்சாரம் நாட்டுக்கு வேண்டுவதே. ஆயினும் மணலைத் தோண்டினால் கிணறு என்னாகும், மாரிவெள்ளம் எவ்வழி வடியும் என்னும் அவர்தம் வினாக்களுக்கு விடை கூறாது மேற்செல்லுதல் முறையன்று. முத்துப்பார்களின் கதை நமக்குப் பாடமாதல் வேண்டும்.

பழைய மாணவருள் பொறியியலாளரும் நிருவாகிகளும் சட்டவல்லுநரும் உளர். தலைமன்னார்ப் புகையிரதத்தில் அவர்கள் மீண்டும் ஒருமுறை செல்லல் வேண்டும். இம்முறை மன்னாரில் இறங்கி, அவ்வூர் மக்கள் கூறுவதைக் கேட்டல் வேண்டும்.