அம்மாவின் குரலை அறுப்பது யார்?

ஞாயிறு காலை டொராண்டோவில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போன் போடுவது என் பல வருடப் பழக்கம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, வால்யூமை முழுசாக ஏற்றி, மேசையில் வைத்துவிடுவார். நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கும். அவர் பேசும்போது நடுவில் "ம்... சொல்லும்மா" என்றால் போதும், அவர் குரல் பாதியில் அறுந்துவிடும். "நான் சொல்றத நீ கேக்கவே மாட்டேங்குற" என்பார். நானும் நெட் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

ஆனால் நெட் காரணமில்லை. காலேஜில் படித்துப் பாஸ் பண்ணி மறந்துபோன ஒரு பாடம்தான் காரணம்: அடாப்டிவ் ஃபில்டர்.

என் குரல் அம்மாவின் போன் ஸ்பீக்கரில் வெளியே வந்து, சுவரில் பட்டு, அதே போனின் மைக்கில் மறுபடி நுழைகிறது. இந்த எதிரொலி எப்படி இருக்கும் என்று போன் முன்கூட்டியே கணித்துக் கழிக்க வேண்டும். கணிப்பு தவறினால், தவறின் அளவைப் பார்த்துத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். இந்தத் திருத்தும் முறையை 1960இல் வெளியிட்டவர்கள் ஸ்டான்ஃபோர்டின் பெர்னார்ட் விட்ரோவும் அவர் மாணவர் மார்சியன் ஹாஃபும். பெல் ஆய்வகத்தின் மன்மோகன் சோந்தி 1967இல் தொலைபேசி எதிரொலியை நீக்கும் அடாப்டிவ் முறை பற்றி எழுதினார்.

சிக்கல் எங்கே? இந்த ஃபில்டர் நேரியல் கணக்கை நம்பியது. ஒலி இரண்டு மடங்கானால் எதிரொலியும் இரண்டு மடங்காகும் என்று நினைக்கும். முழு வால்யூமில் போனின் குட்டி ஸ்பீக்கர் அப்படி நடப்பதில்லை. அதன் சவ்வு ஓர் எல்லைக்கு மேல் அசையாது. ஒலி நசுங்கி, என் குரலில் இல்லாத புது அதிர்வெண்களும் சேர்ந்துவிடும். இதுதான் நான்-லீனியர்.

இதைக் கணிக்க வழி உண்டு. இத்தாலியக் கணித மேதை வீட்டோ வோல்டெராவின் தொடர். ஆனால் விலை அதிகம். நொடிக்கு 16,000 மாதிரிகள் என்றால், 0.1 நொடி எதிரொலிக்கு நேரியல் ஃபில்டருக்கு 1,600 எண்கள் போதும். வோல்டெராவின் இரண்டாம் படிக்கு மட்டும் 12,80,800 எண்கள் கூடுதலாக வேண்டும்! அதனால் சுருக்கப்பட்ட மாதிரிகள், நியூரல் நெட்வொர்க் என்று ஆராய்ச்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணித்துக் கழிக்க முடியாத மிச்ச எதிரொலியை என்ன செய்வது? போன் மைக்கையே அமுக்கிவிடுகிறது. அதோடு சேர்ந்து அமுங்குவது அம்மாவின் குரல்.

ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான். இங்கே புதுப் போன் வாங்கிப் பயனில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு சின்ன வேலை செய்தேன். மேசையில் இருந்த போனை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். வால்யூமை மூன்று படி குறைத்தேன். பக்கத்தில் இருப்பதால் அவருக்கு நன்றாகவே கேட்டது.

போன ஞாயிறு அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்ல, நான் நடுவில் சிரித்துவிட்டேன். கதை அறுபடவில்லை.