ஒரு டீக்கு 70 பவுண்டா? பிரிட்டன் சுற்றுலாவில் 'ஆஃப்டர்நூன் டீ' எங்கே நல்லா இருக்கும்?

பிரிட்டனுக்கு டூர் போகிறவர்களின் பட்டியலில் லண்டன் ஐ, டவர் பிரிட்ஜுக்கு அடுத்து தவறாமல் இருப்பது 'ஆஃப்டர்நூன் டீ'. இணையத்தில் தேடினால் முதலில் வருவது ரிட்ஸ் மாதிரியான லண்டன் நட்சத்திர ஹோட்டல்கள். ரிட்ஸில் ஒருவருக்கே 70 பவுண்டுக்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் நம்ம ஊர் பணத்தில் 30 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்.

இவ்வளவு கொடுத்தால்தான் அந்த அனுபவம் கிடைக்குமா? இல்லை. லண்டனைத் தாண்டினால், அந்தந்த ஊருக்கே உரிய டீ ரூம்கள் இருக்கின்றன. செலவு குறைவு, சுவாரசியம் அதிகம். ஆனால் எதை எங்கே கேட்க வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

1840-களில் பிரிட்டன் பிரபுக்கள் வீடுகளில் இரவு உணவு 8 மணியைத் தொட்டது. மதிய உணவுக்கும் அதற்கும் நடுவே பசி தாங்காமல், பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா தன் அறைக்கு டீயும் ரொட்டியும் வரவழைத்துச் சாப்பிட்டார், பிறகு தோழிகளையும் அழைத்தார் என்று சொல்லப்படுகிறது. அதுவே மேல்தட்டு வழக்கமானது.

பொதுமக்களுக்கான டீ ரூம்கள் பிறகு வந்தவை. ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் 1864-ல் லண்டனில் டீ ரூம் திறந்தது. மதுக்கடைக்குள் 'கௌரவமான' பெண்கள் போக முடியாத காலம் அது. ஆண் துணை இல்லாமல் பெண்கள் வெளியே உட்கார்ந்து சாப்பிட, பேச டீ ரூம்கள் இடம் கொடுத்தன. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் கூடிப் பேசியதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஆஃப்டர்நூன் டீ, க்ரீம் டீ, ஹை டீ: என்ன வித்தியாசம்?

ஆஃப்டர்நூன் டீ: மூன்று அடுக்குத் தட்டில் வருவது. கீழே சாண்ட்விச், நடுவே ஸ்கோன், மேலே கேக் வகைகள். கீழிருந்து மேலே சாப்பிட்டுக்கொண்டே போவது வழக்கம். கிட்டத்தட்ட ஒரு முழுச் சாப்பாடு. அன்று மதிய உணவைத் தவிர்த்துவிடலாம்.

க்ரீம் டீ: ஒரு பானை டீ, ஸ்கோன், ஜாம், 'க்ளாட்டட் க்ரீம்' எனும் கெட்டிப் பாலேடு. அவ்வளவுதான். பல ஊர்களில் 10 பவுண்டை ஒட்டியே முடிந்துவிடும். பட்ஜெட் பயணிகளுக்கு இதுதான் சரி.

ஹை டீ: நம்ம ஊர் அழைப்பிதழ்களில் 'ஹை டீ' என்றால் ஆடம்பரச் சிற்றுண்டி. பிரிட்டனில் கதையே வேறு. வேலை முடிந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் மாலையில் இறைச்சி, ரொட்டியோடு சாப்பிட்ட உணவுக்குத்தான் அந்தப் பெயர்.

எங்கே போகலாம்?

யார்க், ஹாரோகேட்: லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் ரயிலில் சுமார் 2 மணி நேரம். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃபிரெடரிக் பெல்மான்ட் 1919-ல் ஹாரோகேட்டில் தொடங்கியது 'பெட்டீஸ்'. 1936-ல் 'குயின் மேரி' கப்பலின் முதல் பயணத்தில் போய் வந்தவர், அதன் அலங்காரத்தில் மயங்கி யார்க் கிளையை அதே பாணியில் அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானப் படையினர் இங்கே வந்து, வைர முனைப் பேனாவால் கண்ணாடியில் தங்கள் பெயரைக் கீறினார்கள். அந்தக் கண்ணாடியை இப்போதும் பார்க்கலாம். முழு ஆஃப்டர்நூன் டீ வேண்டாம் என்றால் 'ஃபேட் ராஸ்கல்' கேளுங்கள். உலர்பழம் போட்ட பெரிய ஸ்கோன், மேலே செர்ரியும் பாதாமும் சேர்ந்து ஒரு முகம். வாசலில் க்யூ இருக்கும், காலையிலேயே போனால் குறைவு.

கிளாஸ்கோ: சாச்சிஹால் தெருவில் 1903-ல் திறக்கப்பட்டது வில்லோ டீ ரூம். தொழில்முனைவோர் கேட் க்ரான்ஸ்டனுக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ், நாற்காலி முதல் ஜன்னல் கண்ணாடி வரை வடிவமைத்தார். புதுப்பிக்கப்பட்டு 2018-ல் மீண்டும் திறந்தது. மியூசியத்துக்குள் உட்கார்ந்து டீ குடிப்பது மாதிரிதான்.

டெவன், கார்ன்வால்: க்ரீம் டீயின் தாய்வீடு. ஸ்கோனில் முதலில் க்ரீம், அதன்மேல் ஜாம் என்பது டெவன் முறை. கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். விளையாட்டுச் சண்டை என்று நினைக்காதீர்கள். 2018-ல் கார்ன்வாலின் லான்ஹைட்ராக் மாளிகை, க்ரீமை முதலில் தடவிய படத்தை விளம்பரத்தில் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பு கேட்டது.

கேம்பிரிட்ஜ் அருகே கிராண்ட்செஸ்டர்: 1897-ல் மாணவர்கள் சிலர், 'மரத்தடியில் டீ தாருங்கள்' என்று கேட்டதில் பிறந்தது 'ஆர்ச்சர்ட்' டீ தோட்டம். எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப், கவிஞர் ரூபர்ட் ப்ரூக் போன்றோர் வந்த இடம். கேம் நதியோரப் புல்வெளியில் முக்கால் மணி நேரம் நடந்தால், ஆப்பிள் மரத்தடியில் சாய்வு நாற்காலி. மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

நேஷனல் டிரஸ்ட் மாளிகைகள்: இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளை இது. பல இடங்களில் டீ ரூம் உண்டு. இவற்றின் ஸ்கோனுக்கு ரசிகர்கள் அதிகம். 10 ஆண்டுகளாக ஒவ்வோர் இடமாகப் போய் ஸ்கோன் சாப்பிட்ட ஒரு பெண், 2023-ல் 244-வது இடத்தில் தன் பயணத்தை முடித்தார்!

சைவம் என்றால்?

வழக்கமான சாண்ட்விச்களில் ஹாம், சால்மன் மீன், முட்டை இருக்கும். வெள்ளரிக்காய், சீஸ் மட்டுமே நமக்கு. பெரும்பாலான இடங்களில் தனி சைவ மெனு உண்டு, ஆனால் புக் செய்யும்போதே சொல்ல வேண்டும். அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை சேரும். முட்டையும் வேண்டாம் என்றால் 'வீகன்' கேட்பது பாதுகாப்பு. மூஸ், ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

டீ நம்ம டீ மாதிரி இருக்குமா?

இருக்காது. பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்க மாட்டார்கள். பானையில் டிகாக்‌ஷன், தனியாகக் குளிர்ந்த பால். ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் அசாம் அல்லது 'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்' சொல்லுங்கள். மெனுவில் 'சிலோன்' என்று இருந்தால், அதற்குப் பின்னால் நம் ஆட்களின் கதையும் இருக்கிறது. 1867-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழில், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்தது. மலையகத் தமிழர்கள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

* நம்ம டீ நேரம் மாலை 5, 6 மணி. அங்கே சிறிய டீ ரூம்கள் 5 மணிக்குள் மூடிவிடும், கிச்சன் அதற்கும் முன்பே. 3 மணிக்குள் போய்விடுங்கள்.

* பெரிய ஹோட்டல்களில் வார இறுதிக்குப் பல வாரம் முன்பே புக் செய்ய வேண்டும். உடைக் கட்டுப்பாடும் உண்டு. ரிட்ஸில் ஜீன்ஸ், விளையாட்டு உடைக்கு அனுமதி இல்லை.

* பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் பெரும்பாலும் 12.5%. சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் தேவையில்லை.

* சாப்பிட முடியாமல் கேக் மிஞ்சினால் தயங்காமல் பாக்ஸ் கேளுங்கள். பல இடங்களில் கட்டித் தருவார்கள்.

* குறைந்த பட்ஜெட் என்றால், பயணத்தில் ஒரே ஒரு நாள் முழு ஆஃப்டர்நூன் டீ, மற்ற ஊர்களில் க்ரீம் டீ என்று திட்டமிடுங்கள். அந்த ஒரு நாளை லண்டனுக்குக் கொடுப்பதா, யார்க்குக்கா, கிளாஸ்கோவுக்கா என்பதை ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.