கடையில் வாங்கிய சாகசம், வீட்டில் வைத்த அவியல்

அவியலுக்கு வேண்டிய காய் எதையும் நாம் விளைவிப்பதில்லை. திருவனந்தபுரத்துப் பழவங்காடிக்காரர் கிழக்கேகோட்டையைக் கடந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் சேனை, வாழைக்காய், முருங்கை, வெள்ளரி எல்லாம் கிடைத்துவிடும். எல்லா வீட்டுக்கும் அதே காய்கள்தான். ஆனால் ஒரு வீட்டு அவியலின் ருசி அடுத்த வீட்டில் இருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டிலும், நாமே கற்பித்த உலகத்துக்குள் அச்சில் வந்த சாகசப் புத்தகத்தைக் கொண்டுவரும்போது நடப்பது இதுதான்.

ஆட்டத்தை நடத்துபவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதில் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். வாராவாரம் நீளும் இந்தக் கதைத்தொடருக்கு ‘கேம்பெயின்’ என்று பெயர். கடையில் விற்கும் சாகசப் புத்தகத்தில் வரைபடம், எண்ணிட்ட அறைகள், அவற்றில் இருப்பவர்கள், பொறிகள், புதையல் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். வேலைக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை ஆட்டம் நடத்துபவருக்கு அது பெரிய உதவி.

ஒரு தொடர் பழவங்காடி கணபதி கோயிலருகே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பத்மநாபபுரம் கோட்டையில் காவலிருந்த திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் வணங்கிய கணபதியே, தலைநகரம் மாறியபோது அவர்களோடு இங்கே வந்தார் என்பது இந்தக் கோயிலின் வழிவழிக் கதை. இன்றும் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான். நம் ஆட்டக்காரர்கள் அந்தப் பழைய படைவீரர்களாகவே இருக்கட்டும். வாங்கிய புத்தகம், கேரி கைகாக்ஸ் எழுதி 1979இல் வந்த ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் தொடக்கப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டதால் ஒரு தலைமுறையே அதில்தான் ஆடக் கற்றது. எல்லையில் ஒரு கோட்டை, அருகே ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு சரிவிலும் குகைகள், குகைக்கொரு கூட்டம்.

இதை எங்கே வைப்பது? திருவிதாங்கூரில் எல்லைக் கோட்டை என்றால் ஆரல்வாய்மொழிதான். நாஞ்சில் நாட்டுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் நடுவே மலை இடைவெளி விடும் வாசல் அது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படை உடைத்து நுழைந்ததும் அந்த வாசலைத்தான். புத்தகத்தின் கோட்டையை அங்கே தூக்கி வைத்தால் சுவர்கூட இடிக்க வேண்டியதில்லை.

இனி அவியல் வைக்கும் வரிசையிலேயே, காய் நறுக்குவதிலிருந்து வருவோம். அவியலுக்கு எல்லாம் ஒரே நீளத்தில் விரல் விரலாக இருக்க வேண்டும். ஒன்று பெருத்தால் அது வேகாது. இந்தச் சாகசம் முதல் நிலையில் இருக்கும் ஆறு முதல் ஒன்பது பாத்திரங்களுக்கு எழுதப்பட்டது. நம் மேசையில் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொரு குகையிலும் எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எதிரியின் பலத்தைக் குறைப்பதைவிடத் தலையைக் குறைப்பது நல்லது. நாலு பேரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால், அந்தப் பத்துப் பேரும் நோஞ்சான்களாக இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது வேகும் வரிசை. சேனையும் வாழைக்காயும் முதலில், வெள்ளரி பிறகு. ஆட்டத்தில் நேரம் பிடிப்பது சண்டை இல்லை, நம்பிக்கை. ஆரல்வாய்மொழிக்குப் போகச் சொல்லி ஓலை வரும் அன்றைக்கே அந்த ஊர்ப் பெயரை முதன்முறையாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. அதற்கு இரண்டு மூன்று அமர்வு முன்னாலேயே சாலைத் தெருவில் ஒரு வண்டிக்காரர், வாசல் தாண்டி வந்த மாடுகள் சுமையில்லாமல் திரும்பியதைச் சொல்ல வேண்டும். புத்தகத்திலேயே மெய்யும் பொய்யும் கலந்த வதந்திப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைக் கோட்டையில் வைத்துக் கொட்டாமல் முன்கூட்டியே பழவங்காடியில் கசியவிடுங்கள்.

இனி தேங்காய். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் கொரகொரப்பாக அரைத்த அந்த அரைப்புதான் தனித்தனிக் காய்களை ஒரு பண்டமாக்குகிறது. கதைத்தொடரில் அந்த வேலையைச் செய்வது ‘குகைகளில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு நம் உலகம் சொல்லும் பதில். பெரும்பாலானவர்கள் பெயரை மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். புத்தகத்துக் குகைவாசியான ‘ஆர்க்’ என்பதை அடித்து ‘அரக்கன்’ என்று எழுதினால் காய் மாறியதே தவிர அரைப்பு விழவில்லை. அதைவிட மோசம், குகைவாசிகளை மலைவாழ் மக்களாக்குவது. புத்தகத்தில் அந்தக் கூட்டங்கள் பிறவித் தீயவர்கள். அந்த அச்சில் இந்த மலைகளின் காணிக்காரர்களை ஊற்றுவது மேசையில் உட்கார்ந்து செய்யும் அநியாயம். அதற்கு எந்த விளையாட்டிலும் இடம் கொடுக்கக் கூடாது.

நம் உலகத்தில் விடை வேறிடத்தில் இருக்கிறது. மார்த்தாண்டவர்மா காலத்திலிருந்தே திருவிதாங்கூரில் மிளகு அரசாங்கத்தின் ஏகபோகம். மலை தாண்டிக் கிழக்கே கடத்தினால் கூடுதல் விலை. ஆக, குகைகளில் இருப்பவர்கள் மிளகுக் கடத்தல்காரர்கள். கூட்டத்துக்கொரு தலைவன், தலைவனுக்கொரு பகை. கூட்டங்களை ஒன்றோடொன்று மோதவிடும் வழி மூலத்திலேயே உண்டு. இப்போது அந்த மோதலுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. புத்தகத்தின் ஆழத்துக் குகையில் வரும் தீய வழிபாட்டிடம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அங்கே ஒரு யட்சி குடியிருக்கிறாள் என்ற பேச்சோடு. கடத்தல்காரர்களே பரப்பிய பேச்சா, உண்மையா என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கைகாக்ஸ் கோட்டை மனிதர்களுக்குப் பெயரே வைக்கவில்லை. தளபதி, கொல்லன், விடுதிக்காரர் என்று தொழில் மட்டும்தான். குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது கொடை. ஆட்களைத் தேட ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ போதும். அதே சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர் அவர். அந்த மனிதர்களை நகலெடுக்க வேண்டாம். கடைத்தெருவில் ஒருவர் எதற்காகப் பொய் சொல்வார், எதற்காகப் பசியோடு இருப்பார் என்று பார்க்கும் கண் அங்கே கிடைக்கும்.

தயிர் கடைசியில், தீயைத் தணித்து. புத்தகத்தில் கோட்டைக்குள் சிரித்துப் பேசும் ஒரு பூசாரி உண்டு, உள்ளுக்குள் பகைவன். நம் கதையில் அவர் சத்திரத்தில் எல்லோருக்கும் சோறு போடும் மிளகுத் தரகர். அவரைச் சீக்கிரம் அம்பலப்படுத்தினால் கதை திரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் நாலு முறையாவது அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

தயிர் விட்டபின் கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, காய் குழைந்துவிடும். நடத்துபவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. புத்தகம் குகைக்குப் போகச் சொல்கிறது. ஆட்டக்காரர்களோ தரகரிடம் வேலைக்குச் சேர்கிறார்கள். சேரட்டும். குகைகளின் வரைபடம் வீணாகாது. அதே குகைகளுக்கு மூட்டை சுமந்துகொண்டு போவார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு குகையை கைகாக்ஸ் எழுதாமலே விட்டார். நடத்துபவரே நிரப்பிக்கொள்ள வேண்டிய இடம் அது. அதை முன்கூட்டி வரையாதீர்கள். மூன்றாவது நான்காவது அமர்வில் யாராவது ஒருவர், பத்மநாபபுரத்தில் தன்னோடு காவல் நின்ற கூட்டாளி என்ன ஆனான் என்று கேட்பார். அன்றிரவு காகிதத்தை எடுத்து அந்தக் குகையை வரையத் தொடங்கலாம்.