எதைத் தைப்பது? – வன்னி மாதரின் ஒட்டுப்போர்வைக்கு ஒரு கருப்பொருள்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. உடுக்கும் முறையை மட்டுமன்றி, பழந்துணிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதையும் அது நமக்கு உணர்த்துகின்றது. வன்னிநாட்டு வீடுகளிலே பழைய சேலையை எவரும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. வளையிலே கட்டினால் அது குழந்தைக்கு ஏணையாகும். மடித்துப் போட்டால் பாயின்மேல் விரிப்பாகும். கிழித்தால் அடுக்களையிற் சட்டி இறக்கும் துணியாகும். அத்தகைய துண்டுகளை ஓரஞ்சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டித் தைத்தால் அதுவே ஒட்டுப்போர்வையாகும்.

ஒருத்தி தைத்தால் அது வீட்டுக்கு உதவும் போர்வை. நாற்பது பேர் ஆளுக்கொரு துண்டு தைத்து, அவற்றையெல்லாம் இணைத்து ஊரார் பார்க்கத் தொங்கவிட்டால் அஃது ஓர் ஊரின் பேச்சாகிவிடுகின்றது. இவ்வகைக் கண்காட்சிகள் இன்று பல நாடுகளிலும் நடைபெறுகின்றன. நம் பகுதியிலுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், பாடசாலைகளும், கோயில் மண்டபங்களும் இதற்கு ஏற்ற இடங்களே. ஊசி உண்டு, நூல் உண்டு, தைக்கத் தெரிந்த கைகளும் உண்டு. ஆனால், முதற்கூட்டத்திலேயே எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு: "எதைத் தைப்பது?"

இதனைச் சிறு கேள்வி என்று எண்ணுதல் தவறு. கருப்பொருள் பிழைத்தால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் போர்வை ஊமையாகிவிடும். சமாதானம் என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். நாற்பது துணிகளிலும் நாற்பது வெண்புறாக்கள் வந்து அமரும். ஒற்றுமை என்றால் கோத்த கைகள் வரும். பார்ப்பவர் இரண்டு துண்டுகளைப் பார்த்தபின் மூன்றாவதைப் பார்க்கமாட்டார். தைத்தவளுக்கும் அதில் தன்னுடையது என்று சொல்ல ஒன்றும் இராது.

பிறர் கண்ட வழிகள்

இக்கேள்விக்கு உலகில் பலர் நல்ல விடை கண்டிருக்கின்றனர். அவற்றுட் சில நாம் அறியத்தக்கவை.

நமக்கு அருகே பீகார் மாநிலத்தில் 'சுஜனி' என்றொரு தையல் உண்டு. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பிறந்த குழந்தைக்கென மெல்லிய போர்வை தைப்பது அங்குள்ள பழைய வழக்கம். மறைந்துகொண்டிருந்த இக்கலைக்கு முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா என்னும் கிராமத்தில் 1980களின் இறுதியில் புத்துயிர் அளிக்கப்பட்டது. அக்கிராமத்துப் பெண்கள் பூவையும் கொடியையும் மட்டும் தைத்துக்கொண்டிருக்கவில்லை. சீதனக் கொடுமையையும், பள்ளிக்குச் செல்ல விரும்பும் பெண்பிள்ளையையும், தம் வீட்டில் நாள்தோறும் காண்பனவற்றையும் துணியில் ஏற்றினர். வங்காளத்தார் இத்தகைய போர்வையைக் 'காந்தா' என்பர். நாம் 'கந்தை' என்பதும் அச்சொல்லின் உறவே.

தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11ஆந் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கணவரும் பிள்ளைகளும் பிடிக்கப்பட்டுக் காணாமற்போன பெண்கள் தலைநகராகிய சந்தியாகோவில் தேவாலயத்தாரின் ஆதரவுடன் கூடித் துணிப்படங்கள் தைக்கத் தொடங்கினர். அவற்றை 'ஆர்ப்பியேரா' என்பர். அச்சொல்லுக்குச் சாக்குத்துணி என்பது பொருள். அவர்கள் 'துயரம்' என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு தைக்கவில்லை. பலரும் சேர்ந்து சமைத்த பொது அடுப்பு, வீட்டிலே வெறுமையாகக் கிடந்த நாற்காலி ஆகிய இவற்றையே தைத்தனர். கண்ணாற் கண்டதைத் தைத்தபடியால், சொல்ல முடியாததும் அதனுடன் சேர்ந்து வந்தது. பிற நாடுகளுக்கு மறைவாகக் கொண்டுசெல்லப்பட்ட அத்துணிகள் உலகுக்கு உண்மையை உரைத்தன.

அமெரிக்காவில் எயிட்ஸ் நோயினால் இறந்தோரின் நினைவுக்காகத் தைக்கப்பட்ட பெரும்போர்வை 1987 ஒக்டோபர் 11ஆந் திகதி வாஷிங்டன் நகரில் முதன்முதல் விரிக்கப்பட்டது. அன்று அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. அஃது ஒரு புதைகுழியின் அளவு. இன்று அத்துண்டுகளின் தொகை ஏறத்தாழ 50,000 ஆகும். அதன் கருப்பொருள் மிக எளியது: ஒரு பெயர். யார் இறந்தாரோ அவர் பெயரைத் தைக்கவேண்டும். மற்றவை தைப்பவர் விருப்பம்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அது தையல் அன்று, எழுத்து. 2012, 2013ஆம் ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி நடத்திய 'ஹெர்ஸ்டோரீஸ்' என்னும் முயற்சி, வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த 285 தாய்மாரின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டியது. வன்னித் தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். சிலர் கைப்படக் கடிதம் எழுதினர். சிலர் தம் வாழ்வை ஒரு மரமாக வரைந்து காட்டினர். தாய்மை என்ற ஒன்றே அங்கே கருப்பொருளாயிற்று. மொழியும் மதமும் வேறுபட்டோர் கதைகள் ஒரே கூரையின் கீழ் வருவதற்கு அஃது இடமளித்தது.

மூன்று சோதனைகள்

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, கருப்பொருளைத் தேர்வதற்கு மூன்று சோதனைகள் நமக்குப் புலனாகின்றன.

முதலாவது, அது கையாற் காட்டக்கூடிய ஒரு பொருளாக இருத்தல்வேண்டும். கருத்தைத் தைக்க முடியாது, குடத்தைத் தைக்கலாம்.

இரண்டாவது, நாற்பது பேரிடம் கேட்டால் நாற்பது வேறுவேறு விடைகள் வரவேண்டும். கூட்டத்திலேயே மூவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் செய்யுங்கள். மூவரும் ஒரே படத்தை வரைந்தால் அத்தலைப்பை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது சோதனையே நம் மண்ணில் மிக முக்கியமானது. கருப்பொருள் எவருடைய துயரத்தையும் வற்புறுத்தி வெளியே இழுத்தலும் ஆகாது. வாயடைத்து உள்ளே தள்ளுதலும் ஆகாது. 'இழப்பு' என்று தலைப்பு வைத்தால், நாலு பேருடன் இருந்து தைக்கலாம் என்று வந்த பெண், அறிமுகமில்லாதோர் முன் தன் புண்ணைத் திறந்து காட்டவேண்டியவளாகின்றாள். அதற்கு மாறாகப் 'புதுவாழ்வு', 'எழுச்சி' என்று வைத்தால், 2017 பெப்ருவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து, "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்கத் தொடங்கிய தாய்மாருக்கு அங்கே என்ன இடமுண்டு? அவர்களுட் பலர் விடை காணாமலே கண்மூடினர். நிதி தருவோரும் அதிகாரிகளும் பிந்திய வகைத் தலைப்பையே பெரிதும் விரும்புவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. தலைப்பை மேலிருந்து பெற்றுக்கொள்ளும் சங்கம், தன் போர்வையை வேறொருவர் தோளிற் போடுகின்றது.

யாம் முன்வைக்கும் பொருள்

இம்மூன்று சோதனைகளிலும் தேறக்கூடிய ஒரு பொருளை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். அது 'தண்ணீர் அள்ளிய இடம்' என்பதாகும்.

வன்னி குளங்களின் நாடு. கனகராயன்குளம், வவுனிக்குளம், மாங்குளம், பாவற்குளம், செட்டிகுளம் என்று ஊர்ப்பெயரிலேயே நீர் தளும்புகின்றது. இரணைமடுவும் முத்தையன்கட்டும் நிறைந்து வான் பாய்ந்தால் ஊரே திரண்டு பார்க்கச் செல்லும். 2018 டிசெம்பரில் பெருமழையால் வெள்ளம் பெருகிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்தபோது, அதே நீர் வீட்டுக்குள்ளும் வந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலிலோ, முல்லைத்தீவுக் கடலில் எடுத்துவந்த உப்புநீரில் விளக்கெரியும் அற்புதத்தை அடியார்கள் வைகாசிதோறும் வணங்குகின்றனர். நீரின்றி வன்னியிலே நம்பிக்கையும் இல்லை, நெல்லும் இல்லை.

ஆயினும், 'குளம்' என்று மட்டும் தலைப்பிட்டால் அது பழங்குடிகளுக்கே உரியதாகிவிடும். வன்னியில் இன்று வாழ்வோர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தவர் அல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோர் உளர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து தங்கிவிட்டோர் உளர். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் போருக்குப் பின் மீண்ட முஸ்லிம் குடும்பங்களும் உள. 'தண்ணீர் அள்ளிய இடம்' என்று கேட்டால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விடை உண்டு. மலையகத்து மூதாட்டி தேயிலைத் தோட்டத்து லயத்தின் அருகே நீர் கொட்டிய பீலியைத் தைப்பாள். யாழ்ப்பாணத்தவள் துலாக் கிணற்றைத் தைப்பாள். கடற்கரைப் பெண் மணலில் தோண்டிய துரவைத் தைப்பாள். கமக்காரன் மனைவி குளத்துத் துருசையும் வாய்க்காலையும் தைப்பாள். பள்ளிச் சிறுமி குழாய்க்கிணற்றைத் தைப்பாள்.

துயரமும் இப்பொருளுக்குள் தன் விருப்பப்படி வந்து சேரும். 2009ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் பவுசர் வரும்வரை வெயிலிலே வாளியுடன் நின்ற வரிசையை மறந்த வன்னிப் பெண் யார்? 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது; வரிசை மட்டும் நெஞ்சில் மூடப்படவில்லை. அதைத் தைக்க விரும்புகின்றவள் தைக்கட்டும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறிய கரையைத் தைக்க விரும்புகின்றவள் தைக்கட்டும். நந்திக்கடலின் ஓரத்தை ஒரு நீலத் துண்டாக மட்டும் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாதிருக்க விரும்புகின்றவளுக்கும் அந்த உரிமை உண்டு. பக்கத்துத் துண்டில் ஒரு சிறுமி வாளியில் தவளையைத் தைத்திருக்கலாம். இரண்டும் அருகருகே இருப்பதுதான் ஊர்.

நடத்தும் முறை

சங்கத்தார் இன்னுஞ் சிலவற்றைக் கவனித்தல் நன்று. ஒவ்வொரு துண்டும் ஒரு முழச் சதுரமாக, அதாவது 18 அங்குலமாக இருக்கட்டும். நீளத்துக்கு 8, அகலத்துக்கு 5 என்று 40 துண்டுகளை இணைத்தால், 12 அடி நீளமும் ஏழரை அடி அகலமுமான போர்வை கிடைக்கும். பாடசாலை மண்டபச் சுவருக்கு அது போதும். ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்கென விடுதல்வேண்டும். வேலையைக் காலபோக அறுவடைக்குப் பின் தொடங்கினால் கைகளுக்கு ஓய்வு இருக்கும். வைகாசிப் பொங்கலுக்கு முன் நிறைவு செய்யலாம்.

துணி வீட்டுத் துணியாக இருத்தல் சிறப்பு. பழஞ்சேலை, சாரம், சிறுத்துப்போன பள்ளிச் சீருடை எதுவாயினும் ஆகுக. ஆனால், காணாமற்போனவரின் துணியை வெட்டித் தரும்படி எவரையும் கேட்கலாகாது. சிலரிடம் மீந்திருப்பது அந்த ஒரு சட்டை மட்டுமே. அதன் நிறத்தை ஒத்த வேறு துணியை எடுத்துக்கொள்ளலாம்.

தைத்தவளின் பெயரைத் துண்டின்மேல் இடுவதா, பின்புறம் இடுவதா, இடாது விடுவதா என்பதை அவளே முடிவு செய்யவேண்டும். கண்காட்சி முடிந்தபின் போர்வை யாரிடம் இருக்கும், வேறு ஊருக்கு அனுப்பலாமா, படம்பிடிக்கலாமா என்பனவற்றை முதற்கூட்டத்திலேயே பேசி எழுதிவைத்தல் வேண்டும். பிற்பாடு வரும் மனத்தாங்கல்களுக்கு இதுவே மருந்து.

மாணவர்க்கும் இதில் நல்ல பணி உண்டு. ஒவ்வொரு துண்டின் கீழும் நாலு வரிக் குறிப்பு ஒன்று வேண்டும். அதைத் தம் நடையில் அழகுபடுத்தாமல், தைத்தவள் சொன்ன சொற்களிலேயே எழுதப் பழகவேண்டும். பீலி, துரவு, துருசு என்ற சொற்கள் அகராதியிற் கிடந்தாற் போதாது; அவற்றை வாழ்ந்தவர் வாயாற் கேட்டு எழுதுவது மொழிக்கல்வியும் வரலாற்றுக் கல்வியும் ஆகும்.

இவையெல்லாம் கூடுவதற்குக் கூட்டமும் நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே வீட்டிலுள்ள அம்மம்மாவிடம், "சின்ன வயசில எங்கை தண்ணி அள்ளினீங்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின், பழந்துணி மூட்டையை அவிழ்த்து, அந்நீரின் நிறத்துக்கு ஏற்ற ஒரு துண்டைத் தேடித் தருமாறு அவரையே கேளுங்கள். கருப்பொருள் சரியானதுதானா என்பதை, அவர் எடுத்துத் தரும் துண்டு உங்களுக்குச் சொல்லிவிடும்.