கடலை மிட்டாயும் தடுப்பூசியும்

அல்சூர் கடைவீதியில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றிருப்பீர்கள். அதை எப்படிச் செய்கிறார்கள்? வெல்லத்தைப் பாகு காய்ச்சுகிறார்கள். வறுத்த வேர்க்கடலையை அதில் கொட்டிக் கிளறுகிறார்கள். சூடாக இருக்கும்போது பாகு ஓடும். கடலையும் அதில் நகரும். ஆறியதும் பாகு கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்புறம் கடலை அசையாது.

தடுப்பூசி மருந்திலும் சர்க்கரை இந்த வேலையைத்தான் செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசியை எடுத்துக்கொள்வோம். தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வார்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் 2017 பிப்ரவரியில் இந்தக் கூட்டு ஊசி வந்தது.

மருந்தில் இருப்பது வலுக் குறைத்த வைரஸ் கிருமி. அதன் மேல்புறத்தில் புரதங்கள் இருக்கின்றன. புரதம் என்பது மடித்து வைத்த நூல் போன்றது. மடிப்பு சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். மடிப்புக் கலைந்தால் என்ன ஆகும்? முட்டையை வேகவைத்துப் பாருங்கள். தண்ணீர்போல் இருந்த வெள்ளைக்கரு கட்டியாகிவிடும். ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது. மருந்தும் அப்படித்தான். கெட்டுப்போன மருந்தைப் போட்டாலும் குழந்தை அழும், கை வலிக்கும். ஆனால் ஊசி காப்பாற்றாது. அது தாய்க்கும் தெரியாது, நர்சம்மாவுக்கும் தெரியாது. அம்மை வந்த பிறகுதான் தெரியும்.

மடிப்பு ஏன் கலைகிறது? புரதம் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள தண்ணீர் அதை இடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் புரதம் துடித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் துடிப்புக் கூடும். குளிர்ந்தால் குறையும். அதனால்தான் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். அந்தக் குளிரிலும் துடிப்பு முழுதாக நிற்பதில்லை.

அப்படியானால் உறைய வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதில் வேறு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் உறையும்போது பனிக்கட்டி கூர்கூராக வளரும். புரதங்களை நெருக்கிக் குலைத்துவிடும்.

சர்க்கரை உதவிக்கு வருவது இங்கேதான். குளிரக் குளிர, சர்க்கரை நீர் கெட்டியாகிப் புரதத்தைச் சுற்றி இறுகுகிறது. தண்ணீர் விலகிய இடத்தில் சர்க்கரை போய்ப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிட்டாயில் கடலை நிற்பதுபோல் புரதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டியில் மருந்தை வைக்கிறார்கள். பனிக்கட்டி உருகாமலே ஆவியாகப் போய்விடும். பீரோவில் போட்ட பாச்சை உருண்டை தேய்வது போலத்தான். மிஞ்சுவது உலர்ந்த மருந்துக் கட்டி.

எல்லா மருந்துக்கும் ஒரே சர்க்கரை அல்ல. நம் நாட்டில் போடும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தில் சார்பிட்டால் இருக்கிறது. அது சர்க்கரைக்கு உறவு. கொரோனாவுக்குப் போட்ட கோவிஷீல்டு திரவ மருந்து. அதில் நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஒரு சிட்டிகைகூட இருக்காது. பேக்கரியில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இந்த வித்தையை நமக்கு முன்பே அறிந்திருக்கிறது. டிரெஹாலோஸ் என்ற சர்க்கரையைத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. காய்ந்து கிடந்தாலும் வெதுவெதுப்பான நீரில் மறுபடி உயிர்க்கிறது.

உலர்த்துவதால் எவ்வளவு பலம் கிடைக்கிறது? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய மைன்வாக்ஸ் நிறுவனம் ஒரு கொரோனா தடுப்பு மருந்தை உருவாக்கியது. அதில் இருந்தது கிருமியின் ஒரு புரதத் துண்டு மட்டுமே. அதை உலர்த்திச் சோதித்தார்கள். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் தாங்கியது. 100 டிகிரியில் 90 நிமிடம் தாங்கியது.  வைரஸ் கிருமி உள்ள மருந்து இந்த அளவுக்குத் தாங்காது. அதனால் உலர்ந்த தட்டம்மை மருந்தும் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது.

மழைக்காலத்தில் கடலை மிட்டாய் பிசுபிசுக்கும், பார்த்திருப்பீர்கள். ஈரம் பட்டால் இறுகிய பாகு இளகும். மருந்துக் கட்டியும் அப்படியே. அதனால் குப்பியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அதன் மேல் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்தைப் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். போடக் கூடாது. குப்பியைத் திறக்கும் முன் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி போடும் நேரத்தில்தான் கட்டியில் நீர் விட்டுக் கரைப்பார்கள். கரைத்ததும் சர்க்கரையின் பிடி போய்விடும். புரதம் மறுபடி துடிக்கத் தொடங்கும். வெளிக்கிருமி புகுந்தாலும் அதைக் கொல்ல இந்த மருந்தில் வேறு சரக்கு இல்லை. ஆகவே கரைத்த மருந்துக்கு 4 மணி நேரம்தான் ஆயுள். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு மருந்து இருக்கும். நர்சம்மா மீதியைக் கொட்டினால், வீணாக்குகிறார் என்று கோபப்படாதீர்கள். காலை 10 மணிக்குக் கரைத்ததைப் பகல் 2 மணிக்கு மேல் எந்தக் குழந்தைக்கும் போடக் கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதியிருப்பார்கள். அதை நீங்களே படித்துப் பார்க்கலாம்.